வீட்டுக்கு ஒரு சாண்

ஆற்றங்குறிச்சி மாநகராட்சிக் கட்டடத்தில் முதல் அறை முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். செவ்வாய்க்கிழமையாக இருந்ததாலேயே யாரும் அதை உடனே கவனிக்கவில்லை, ஏனென்றால் அன்று பொறியாளர்கள் எல்லோரும் ஆய்வுக் கூட்டத்துக்குப் போய்விடுவார்கள், பொறியாளர்கள் இல்லாத நிம்மதியில் எழுத்தர்கள் எல்லோரும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். முதல் மாடியில், பிறப்பு இறப்புப் பதிவுக்கும் கழிப்பறைக்கும் நடுவில், முந்தின நாள் சாயங்காலம் வரை வெறும் சுவராக இருந்த இடத்தில், ஒரு கதவும் கதவுக்குப் பின்னால் நீளமான ஓர் அறையும் இருந்தன. அலுவலக உதவியாளர் கொம்பையா கதவைத் திறந்து பார்த்தார், உள்ளே ஃபேன் இல்லை என்று வருத்தப்பட்டார், சாத்திவிட்டு மின்பிரிவுக்குப் போய் ஒரு ஃபேனுக்குச் சொல்லி வைத்தார். அறை எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. இடம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட யாருக்கும் அந்தக் கட்டடத்தில் இடம் கிடைத்ததில்லை.

அறை வந்தது நல்லதாகவும் போயிற்று. ஊர்கள் எல்லாம் புதிதாக யோசிக்க வேண்டும், யோசிக்கிற திறனை மாநகராட்சிகள் தாங்களே வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, ஆணையர் புதுமைப் பிரிவு என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார். அதற்கு ஒரு தலைவரும் ஒரு பணியாளரும் இருந்தார்களே தவிர உட்கார இடம் இல்லை. தலைவர் செயற்பொறியாளர் தெய்வநாயகம். பணியாளர் ஜெசிந்தா, நகரமைப்பு படித்துவிட்டு ஒப்பந்த வேலைக்கு வந்த பெண், கூட்டங்களில் தன் பெயரைச் சொல்லும்போதுகூடக் குரல் தேய்ந்து பாதியில் நின்றுவிடும். அதுவரை குடிதண்ணீர் கேன் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள், தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய காகிதங்களை நனைத்துவிட்டுப் போனார்கள். புது அறைக்குள் மேசை போனபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த அறையின் ஒரு சுவர் மட்டும் விசித்திரமாக இருந்தது. அது ஒரே நிறமாக இல்லாமல் சாண் சாணாக நிறம் மாறிக்கொண்டே போயிற்று: ஒரு சாண் ரோஸ், ஒரு சாண் பச்சை, ஒரு சாண் நீலம் கலந்த சுண்ணாம்பு, ஒரு சாண் அடுப்புப் புகை ஏறிய கறுப்பு. ரோஸ் நிறச் சாணில் யாரோ கையால் வரைந்த இறகு ஒன்று, நுனியில் கண்ணோடு, தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியூர் மாநகராட்சிகளிலிருந்து பார்க்க வந்தவர்கள் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கல்லூரிப் பிள்ளைகள் வரைந்தது என்று கேட்டார்கள், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் அந்த அறைக்குள் லேசாகத் தாளிக்கிற வாசனை வரும். கேன்டீன் பக்கம்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். கேன்டீன் கட்டடத்தின் மறுபக்கத்தில் இருந்தது.

முதல் அறை முளைத்ததற்கு முந்தின நாள் ஜெசிந்தா ஒரு விளக்கைப் பற்றி அறிக்கை அனுப்பியிருந்தாள்.

அது அவளுடைய விளக்கு. அலுவலகத்துக்குப் பின்னால் பிச்சிப்பூச் சந்து என்று ஒரு சந்து இருந்தது, ஒன்றோடொன்று தோள் சேர்த்து நிற்கிற வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு தெருக்குழாய். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் அங்கே பெண்கள் குடத்தோடு பாதிப் பகலைக் குழாயடியில் கழிப்பதை ஜெசிந்தா மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள். தண்ணீர் வருவதற்கு முன்னால் தானாக எரிகிற பச்சை விளக்கு ஒன்றைச் சந்து முனையில் வைத்தால், அது தூரத்திலிருந்தே தெரிந்தால், பெண்கள் வேலைக்குப் போய்விட்டு விளக்கைப் பார்த்து வரலாமே என்று அவளுக்குத் தோன்றியது. நல்ல யோசனை. விளக்கும் எரிந்தது. ஆனால் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும், சில நாள் காற்று மட்டுமே வரும், விளக்குக்குக் காற்றும் தண்ணீரும் ஒன்றுதான். சந்துப் பெண்கள் செய்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, குழாயடியில் நின்று, சீறுகிற காற்றைக் குடத்தில் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

“தோத்துப்போச்சுன்னு எழுதட்டுமா சார்?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

தெய்வநாயகம் கெட்டவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் ஓர் அறிக்கையில் தோல்வி என்று எழுதப்போய், விளக்கம் கேட்டு மெமோ வந்து, மூன்று ஊர் மாற்றலாகி அலைந்தவர். “ஏம்மா ஜெசி, மாநகராட்சியில எதுவும் தோக்காதும்மா. அடுத்த கட்டத்துக்குப் போகும். அப்படி எழுது. தோத்துச்சுன்னு எழுதினா அடுத்த வருசம் ஒண்ணையும் செய்ய விடமாட்டாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

விளக்குத் திட்டம் அடுத்த கட்டத்துக்கு நகர்த்தப்பட்டது என்று அவள் எழுதினாள். மறுநாள் அறை இருந்தது.

அதன்பின் நன்றி சொல்லும் குப்பைத்தொட்டி வந்தது, குப்பை போட்டால் நன்றி சொல்லும், போடாவிட்டாலும் நன்றி சொல்லும், நாய் கடந்து போனாலும் சொல்லும். அடைத்தால் தகவல் அனுப்பும் சாக்கடை மூடி வந்தது, கரப்பான் ஏறினாலும் அனுப்பியது. எல்லாவற்றையும் முதலில் பிச்சிப்பூச் சந்தில்தான் வைத்துப் பார்த்தார்கள், ஏனென்றால் சந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது, அந்தச் சனங்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். எல்லாமே அடுத்த கட்டத்துக்குப் போயின. போன ஒவ்வொன்றுக்கும் மறுநாள் காலையில் ஓர் அறை, சாண் சாணாக நிறம் மாறுகிற ஒரு சுவரோடு. தணிக்கைக்கு வந்தவர்கள் அறைகளை எந்தத் தலைப்பில் கணக்கு வைப்பது என்று மட்டும் கேட்டார்கள். நன்கொடை என்று பதில் போயிற்று. கொம்பையா ஒவ்வொரு கதவுக்கும் பெயர்ப்பலகை மாட்டினார்.

“செத்துப்போனா புதைச்சிரலாம் தாயி,” என்றார் ஒருநாள் ஜெசிந்தாவிடம், ஆணியை வாயில் கவ்விக்கொண்டு. “நம்ம ஆபீஸ்ல ஒண்ணும் சாகமாட்டேங்குதே. எல்லாத்தையும் வச்சுக்கிட இடம் வேணும்லா?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

புதுமைப் பிரிவு நல்லதும் செய்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பல வருடமாக மழைக்கு மூழ்குகிற பேருந்து நிலையம் அந்த ஐப்பசியில் மூழ்கவில்லை. எரியாத தெருவிளக்குகளைப் பற்றிச் சொன்னால் மறுநாள் எரிந்தன. பத்திரிகையில் ஆணையரின் படம் வந்தது. ஊர் சந்தோஷமாக இருந்தது.

பிச்சிப்பூச் சந்தில், அதே காலத்தில், வீடுகள் ஒடுங்கிக்கொண்டிருந்தன.

முதலில் தெரிந்துகொண்டவள் பேச்சியம்மாள், பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைப்பவள். ஒருநாள் காலையில் அவள் கட்டில் இரண்டு பக்கச் சுவர்களிலும் இடித்துக்கொண்டு கிடந்தது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்றார் அவள் புருஷன். பக்கத்து வீட்டில் பீரோ ஊதியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் கிரைண்டர் ஊதியிருந்தது, கல்லும் இரும்பும் மழைக்கு ஊதுமா என்று யாரோ கேட்ட பிறகுதான் கையை விரித்து அளந்து பார்த்து, வீட்டுக்கு ஒரு சாண் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அன்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு தண்ணீர் விளக்கு எரிந்தது, ஓடினார்கள், காற்று வந்தது, திரும்பினார்கள், சமைத்தார்கள்.

அடுத்த சாண் போனபோது பழகியிருந்தது. எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வது என்று ஆயிற்று. முனைக்கடையில் அரை அகலப் பாய் விற்பனைக்கு வந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் வரிசையாக உட்கார முடியாமல் ஒருவர் பின் ஒருவராக, பஸ்ஸில் உட்கார்வதுபோல் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். வட்டக் கவுன்சிலர் டேப் கொண்டுவந்து அளந்து, பரப்பு குறைந்ததால் வீட்டுவரி குறையும் என்று வாழ்த்துச் சொன்னார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போனபோது, எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “யார் ஆக்கிரமிச்சது?” என்று கேட்டார்.

“யாரும் ஆக்கிரமிக்கல சார். குறைஞ்சிருக்கு.”

“ஆக்கிரமிச்சவர் பேரு இல்லாம மனு வாங்க முடியாதும்மா.”

யார் பேரையும் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. திரும்பிவிட்டார்கள்.

பேச்சியம்மாள் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள், ஏனென்றால் அவள் மகள் நந்தினி மாசமாக இருந்தாள். வளைகாப்பு போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், கூட்டிவராவிட்டால் சம்பந்தி வீட்டில் வாழ்நாள் முழுக்கப் பேச்சு. மனுஷ உடம்பு எண்சாண் என்பார்கள். வீடு எண்சாணுக்கு வந்து, அதற்கும் கீழே போய்விட்டது. கட்டிலை நீளவாக்கில் திருப்பிப் போட்டால் கதவு திறக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசாரியைக் கூப்பிட்டுக் கட்டிலை அறுத்துக் குட்டையாக்கினார்கள். அது பேச்சியம்மாளின் கல்யாணக் கட்டில், நந்தினி பிறந்ததும் அதில்தான். ஆசாரி அறுக்கும்போது அவள் வெளியே போய் நின்றுகொண்டாள்.

“காலை மடக்கிப் படுத்துக்கிடுவா,” என்றாள் உள்ளே வந்து. “வயித்துப் பிள்ளைக்காரி எப்படியும் மடக்கித்தானே படுப்பா.”

சாக்கடை மூடியின் கணக்கெடுப்புக்காக ஜெசிந்தா அந்த வீட்டுக்குள் போனது அதற்கு அடுத்த வாரம். வாசலுக்கு நேர் எதிர்ச்சுவர் ரோஸ் நிறம். அதில் ஒரு மயில் வரைந்திருந்தது: கொண்டை இருந்தது, கழுத்து இருந்தது, நெஞ்சு இருந்தது, நெஞ்சுக்குப் பிறகு சுவர் முடிந்து மூலை வந்துவிட்டது.

“நந்தினி பெரிய மனுஷி ஆனப்ப அவ மாமா வரைஞ்சது,” என்றாள் பேச்சியம்மாள். “தோகை இந்தச் சுவரு முழுக்க இருக்கும் பிள்ள. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா போயிருச்சு. இனி ஒரு சாண் போச்சுன்னா நெஞ்சும் போயிரும். மயிலு போனாப் போகுது. பிள்ளையப் பெத்து எங்கே போடுவா?”

ஜெசிந்தா கணக்கெடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அலுவலகத்துக்கு வந்தாள். எல்லா அறைகளிலும் ரோஸ் நிறச் சாணைத் தேடிப் பார்த்தாள். எல்லா அறைகளிலும் இறகுகள் இருந்தன. அவற்றின் கண்கள் எல்லாம் அவளையே பார்த்தன. பச்சை நிறச் சாணில் ஒரு சாமி படத்தின் ஆணி இருந்தது. கறுப்புச் சாணில் கையை வைத்தபோது புகைக்கரி ஒட்டிக்கொண்டது, சூடாக இருந்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால், இத்தனை நாள் அவள் முதுகு சாய்ந்திருந்த இடத்தில், ஒரு குடும்பம் கால் நீட்டிப் படுத்திருந்த இடம் இருந்தது.

தெய்வநாயகத்திடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். “எனக்கும் அப்படி ஒரு சந்தேகம் உண்டும்மா,” என்றார். “என்ன செய்ய? அறையைத் திருப்பிக் கொடுக்கணும்னா எந்தச் சட்டத்துல கொடுக்க?” அதன்பின் அவர் தம் அறையில் சுவரைப் பார்த்து உட்காராமல் ஜன்னலைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். ஜெசிந்தாவும் நாற்காலியைச் சுவரிலிருந்து ஒதுக்கிப் போட்டுக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டை அறைக்குள் வைத்துச் சாப்பிட முடியவில்லை, மாடிப்படியில் போய் நின்று சாப்பிட்டாள்.

ஆனால் அவளுக்கு உள்ளே உறுத்தியது அறை மட்டும் இல்லை. விளக்கைத் திறந்து வைத்த அன்று, காலையில் எல்லோருக்கும் முன்னால் சந்துக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தவள் அவள்தான். காற்று சீறியது, விளக்கு எரிந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சந்து முனையில் ரிப்பன் கட்டியிருந்தார்கள், மேளம் வந்திருந்தது, மேயரின் கார் கிளம்பிவிட்டது என்று ஃபோன் வந்தது. அவள் குழாயை மூடினாள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரமே அந்த விளக்கை நம்பி, டாக்டர் வீட்டு அடுப்பில் கறியை வைத்துவிட்டு ஓடிவந்த செல்லத்தாய்க்கு அந்த வீட்டு வேலை போயிற்று. அப்போதும் ஜெசிந்தா சொல்லவில்லை.

மாமன்றக் கூட்டம் வந்தது. விளக்கு இரண்டாம் கட்டத்திலும், இன்னும் உயரமான கம்பத்தில், இன்னும் பிரகாசமாகக் காற்றுக்கே எரிந்துகொண்டிருந்தது. நகரத்தின் புதுமைத் திறன் எப்படி வளர்ந்தது என்பதை இளைய தலைமுறையே சொல்லட்டும் என்று ஆணையர் ஜெசிந்தாவை எழுப்பிவிட்டார். இன்னொரு முறை அடுத்த கட்டம் என்று சொன்னால் இன்னொரு சாண் போகும் என்பது அவளுக்குத் தெரியும். மைக்கைப் பிடித்தாள். தாளை மடித்தாள்.

“விளக்குத் திட்டம் தோல்வி அடைந்தது,” என்றாள்.

கவுன்சிலர்கள் தலை நிமிர்ந்தார்கள். தெய்வநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். மேயர் அம்மா மட்டும் மெல்லக் கைதட்டினார், அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

“எவ்வளவு அழகா சொல்லுது இந்தப் பிள்ளை! எந்த ஊர் மாநகராட்சி இப்படித் தோல்வியைச் சொல்லும்? இதையே ஒரு திட்டமா ஆக்கிருவோம் கமிஷனர் சார். மாசம் ஒரு தோல்வியை மேடையில வந்து சொல்லணும். முதல் கட்டமா நம்ம ஆபீஸ்ல, அடுத்த கட்டமா எல்லா மண்டலத்துலயும்.”

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். மறுநாள் காலையில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மறுபக்கம் ஒரு புது அறை இருந்தது. கொம்பையா ‘உண்மை பேசுவோம்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார். அறைக்குள் ரோஸ் நிறச் சாணில் மயிலின் நெஞ்சு இருந்தது.

ஜெசிந்தா பையைக்கூட மேசையில் வைக்கவில்லை. படியிறங்கி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, பிச்சிப்பூச் சந்துக்குப் போனாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் குடங்களோடு நின்றார்கள், குழாய் சீறிக்கொண்டிருந்தது. சந்து குட்டையாகிப்போயிருந்ததால் எல்லா வீட்டு வாசல்களும் குழாயடிக்குக் கிட்டத்தில் வந்திருந்தன.

“என்ன பிள்ள, புதுசா எதுவும் மாட்ட வந்தியா?” என்றாள் பேச்சியம்மாள். “இனி எங்க தலையிலதான் மாட்டணும். சுவரு இல்ல.”

பெண்கள் சிரித்தார்கள். கோபத்தில் சிரிக்கவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“ஒண்ணு சொல்லணும்க்கா.”

“சத்தமா சொல்லு. காத்து சத்தத்துல கேக்கல.”

அவள் போகிற மாதா கோயிலில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு கூண்டு உண்டு, நடுவில் ஒரு தட்டி உண்டு, முகம் தெரியாது, முணுமுணுத்தால் போதும். இங்கே வெயில் நேராக முகத்தில் அடித்தது. எந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் அவள் செல்லத்தாயின் முகத்தைப் பார்த்தாள்.

“இந்த விளக்கு காத்துக்கும் எரியும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ரிப்பன் வெட்டுறதுக்கு முன்னாடியே குழாயைத் திறந்து பாத்தேன். மேயர் வந்துக்கிட்டு இருந்தாங்க. சொல்ல வெக்கமா இருந்துச்சு. பயமா இருந்துச்சு. சொல்லல. அடுத்த கட்டம்னு ஒண்ணும் கிடையாதுக்கா. இது தோத்துப்போச்சு. உங்க வேலை போனது என்னாலதான். இந்த வீடுங்க குறைஞ்சதுலயும் என் பங்கு இருக்கு. அந்த இடத்துலதான் நான் நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன்.”

செல்லத்தாய் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். “நல்ல ஆட்டுக்கறி,” என்றாள். “கருகிப்போச்சு.” அவ்வளவுதான் சொன்னாள்.

ஜெசிந்தா கம்பத்தடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து விளக்கை அணைத்தாள்.

அப்போது, நிறைகுடங்களைத் தரையோடு தரையாக இழுத்து நகர்த்துவதுபோல ஒரு சத்தம், சந்தின் ஒரு முனையில் ஆரம்பித்து வீடு வீடாக மறுமுனை வரை போயிற்று. உள்ளே பாத்திரங்கள் விழுந்தன. ஒரு கிழவர் எங்கேயோ, “யாருடா அது சுவரைத் தள்ளுறது?” என்று அதட்டினார். எல்லாம் திரும்பவில்லை. குப்பைத்தொட்டி எடுத்தது குப்பைத்தொட்டியின் அறையில்தான் இருந்தது, மூடி எடுத்தது மூடியின் அறையில் இருந்தது. விளக்கும், விளக்கைப் பற்றி மாமன்றத்தில் பேசிய பேச்சும் எடுத்துக்கொண்டது மட்டும் வந்திருந்தது.

பேச்சியம்மாள் அவசரப்படாமல் வீட்டுக்குள் போனாள், ஜெசிந்தா வாசலில் நின்றாள். மயிலுக்கு நெஞ்சு திரும்பியிருந்தது, நெஞ்சுக்குப் பின்னால் சில இறகுகளும். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விழுந்திருந்தது. குட்டைக் கட்டில் நடுவீட்டில், தன் அளவு எது என்று தெரியாததுபோல் நின்றது.

பேச்சியம்மாள் அறுத்த முனையில் கையை வைத்துத் தடவினாள். அங்கே மரம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

“கொஞ்சம் முந்தி வந்து சொல்லியிருந்தா,” என்றாள், திரும்பிப் பார்க்காமல், “கட்டிலை அறுத்திருக்க மாட்டோம்லா.”

சந்து முனையில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது, வளையல் சத்தமும் கேட்டது.

“வந்துட்டா. நிக்காத பிள்ள, அந்தப் பக்கம் பிடி,” என்றாள் பேச்சியம்மாள்.

இரண்டு பேருமாகக் கட்டிலைத் தூக்கிச் சுவரோடு தள்ளிப் போட்டார்கள். நந்தினியின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்று, கட்டில் முடிகிற இடத்தில் ஒரு ஸ்டூலை எடுத்துவந்து, உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதன்மேல் ஒரு பழைய சேலையை மடித்து வைத்தாள் ஜெசிந்தா.